மணிக்கு ஒரு தடவை

அந்த அறையைக் கட்டியவனிடம் மனித உடம்புக்குக் குளிரும் என்பதை யாரும் சொல்லியிருக்கவில்லை. இயந்திரங்களுக்குக் குளிர் பிடிக்கும், ஆகவே அவற்றோடு வேலை பார்க்கிற ஆட்களுக்கும் பிடித்துத்தான் ஆகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் உள்ளே ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள். எதிர்ச் சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் எங்கோ ஒரு மொட்டை மாடியிலோ வயல் நடுவிலோ மலை முகட்டிலோ நிற்கிற செல்போன் டவர். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கரண்ட் போய் பேட்டரியில் ஓடுகிறது. சிவப்பு என்றால் டவர் படுத்துவிட்டது, இங்கே யாருக்கோ திட்டு விழப்போகிறது.

திரைக்கு நேர் எதிரே இருந்த நடு நாற்காலி அக்காவுடையது. அறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிட வயதில் மூத்த மேலாளருக்கும்கூட. எங்கோ இருக்கிற டவரின் பேட்டரியில் எவ்வளவு மிச்சம், கதவு திறந்திருக்கிறதா, உள்ளே சூடு எவ்வளவு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்பாள். அங்கே இருக்கிற ஜெனரேட்டரை இங்கிருந்து ஓட்டுவாள். டவரின் ரேடியோக்களை ஒரு விரலால் அணைப்பாள், ஒரு விரலால் போடுவாள். சொந்த வீட்டில் குளியலறை பல்ப் போய், மாற்ற நேரமில்லாமல் ஒரு மாதமாக இருட்டில் குளிக்கிறாள் என்பது வேறு விஷயம்.

உட்கார்ந்த இடத்திலிருந்து செய்ய முடியாத வேலைகளுக்குத்தான் ஃபீல்டு ஆட்கள். டீசல் ஊற்றுவது, கம்பியைக் கடித்துச் செத்துக் கிடக்கிற எலியை எடுத்துப் போடுவது, துருப்பிடித்த போல்ட்டை மாற்றுவது எல்லாம் அவர்கள் பாடு. அவர்களில் ஒருவன் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. வேலைவெட்டி இல்லாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனை அவள்தான் மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டாள். சேர்ந்த பிறகு அவனைப்போல வேலைக்காரன் இல்லை என்று மேலாளரே சொல்லும்படி ஆகிவிட்டது. மேலாளர் யாரையும் புகழ்கிற ரகமில்லை.

அறைக்கும் ஃபீல்டு ஆட்களுக்கும் நடுவே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் தலைமை அலுவலகத்துக்கு ரிப்போர்ட் போயாக வேண்டும். எந்த டவர் படுத்தது, ஏன் படுத்தது, எப்போது எழுந்திருக்கும் என்று சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் யாரும் போனைத் தொடமாட்டார்கள். கூரை இடிந்து விழுந்தாலும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து டைப் அடிப்பார்கள். அதனால் ஃபீல்டு ஆட்கள் ஒன்பதரை, பத்தரை, பதினொன்றரை என்று நடுவில்தான் கூப்பிடுவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் அறை சந்தைக்கடை ஆகிவிடும். அதற்குப் பெயரே அரைச் சந்தை. தம்பி சேர்ந்த புதிதில், விவரம் தெரியாமல், சரியாகப் பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, "அக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்டான். அக்கா அவனை ஸ்பீக்கரில் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். "வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் அரைக்குக் கூப்பிடு, புரியுதா?" அறையே சிரித்தது. அந்தப் பக்கம் அவனும் சிரித்தான்.

அவனிடம் ரப்பர் பட்டை வைத்த கைக்கடிகாரம் ஒன்று உண்டு. ஜெனரேட்டரைப் பழுது பார்த்தால் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவன் கடிகாரத்தில் ஒரு மணி நேரத்தை வைத்துவிட்டு நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிடுவான். வைக்கும்போது ஒரு தடவை கீச்சென்னும். பிறகு யாராவது நிறுத்துகிறவரை மணிக்கு ஒரு தடவை கத்திக்கொண்டே இருக்கும். "கையில என்னடா கோழிக்குஞ்சு வளக்கறே?" என்பாள் அக்கா. வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

அந்த வாரம் மழை விடவேயில்லை. திரையில் பச்சையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. மலை டவருக்குப் போகிற கரண்ட் கம்பி அறுந்து, ஜெனரேட்டரும் ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தது. அந்த டவர் சாதாரண டவர் இல்லை. மலைக்குப் பின்னால் இருக்கிற நாலு கிராமத்து டவர்களின் பேச்செல்லாம் அதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அது படுத்தால் பின்னால் இருக்கிற நாலும் ஊமை. மேலாளர் யாரை அனுப்பலாம் என்று யோசிக்கக்கூட இல்லை, தம்பியைத்தான் அனுப்பினார். அவன் சாயங்காலம் மேலே ஏறினான். ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் பாதை சரிந்துவிட்டது. டவருக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஒன்பதரைச் சந்தையில், நாலு போன் ஒன்றாக அலறிக்கொண்டிருந்தபோது, அவன் கூப்பிட்டான்.

"சொல்லுடா" என்றாள் அக்கா. அவனிடம் அவள் ஹலோ சொன்னதே கிடையாது.

"ஜெனரேட்டர் அவ்ளோதாங்க்கா. உள்ள தண்ணி பூந்துடுச்சு. கழட்டிக் கீழ கொண்டுபோனாத்தான் ஆகும்."

"நீ எப்ப இறங்கறே?"

"வண்டி வராது. ரெண்டு எடத்துல ரோடே இல்ல. நடந்துதான் வரணும். மத்தியானத்துக்குள்ள கீழ வந்துடுவேன்."

"பாத்து வாடா, வழுக்கப்போகுது."

"என் போன்லயும் சார்ஜ் கம்மிக்கா. அணைச்சு வெச்சுட்டு, மணிக்கு ஒரு தடவை போட்டு உன்னைக் கூப்பிடறேன். நீயும் டவரை மணிக்கு ஒரு தடவை மட்டும் போடு. அப்பத்தான் பேட்டரி நாளைக்கும் நிக்கும்."

"சரி, மணிக்கு ஒரு தடவை."

"இதோ வாட்ச்ல வெச்சுட்டேன்." கீச்சென்ற சத்தம் போனிலேயே கேட்டது.

"கோழிக்குஞ்சை நனைய விடாதே" என்றாள் அக்கா. பக்கத்துப் போனில் வேறொருவன் டீசல் வரவில்லை என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அவள் இதை வைத்துவிட்டு அதை எடுத்தாள்.

தம்பி சொன்னது நல்ல யோசனை. டவரின் பேட்டரியை அதிகம் தின்பது செல்போன்களோடு பேசுகிற ரேடியோக்கள்தான். அவற்றை அணைத்துவிட்டால், டவர் தன் வாயை மூடிக்கொண்டு, பின்னால் இருக்கிற கிராமங்களின் பேச்சை மட்டும் கடத்திக்கொண்டு நாள் கணக்கில் நிற்கும். மலையில் இருந்த கொஞ்சம் பேரையும் மழைக்குப் பயந்து முன்பே கீழே இறக்கியிருந்தார்கள். அங்கே இப்போது ரேடியோ தேவைப்படுகிற ஆள் ஒரே ஒருவன்தான். அணைத்த ரேடியோ போட்டதும் பேசிவிடாது, தூக்கத்திலிருந்து எழுப்பிய பிள்ளைபோல ஐந்தாறு நிமிடம் முழித்துக்கொண்டிருக்கும். அதனால் மணி அடிக்கக் கொஞ்சம் முன்னாலேயே போடுவது, மணி அடித்துப் பத்து நிமிடம் பார்ப்பது, பிறகு அணைப்பது என்று அக்கா கணக்கு வைத்துக்கொண்டாள்.

போனைப் போட்டால் அது தானாக டவரோடு ஒட்டிக்கொள்ளும், எண் திரையில் தெரியும். பத்து மணிக்கு அவன் எண் வந்து ஒட்டவில்லை. அவன் இப்போதுதான் கிளம்பியிருப்பான் என்று அவள் கவலைப்படவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. பன்னிரண்டுக்கும் வராதபோது சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"போன் நனைஞ்சுபோயிருக்குமோ?" என்று கேட்டான் பக்கத்து நாற்காலிக்காரன். எதற்கெடுத்தாலும் 'இருக்குமோ' போடுகிறவன் என்பதால் அவனுக்கு அறையில் வைத்த பெயர் சந்தேகம். கொண்டுவந்த டீயில் சர்க்கரை இருக்குமோ என்று குடித்து முடித்த பிறகும் கேட்பான். ஆனால் நல்லவன். மணி அடிக்கும்போது அக்கா டவரைப் பார்க்கட்டும் என்று அவளுடைய ரிப்போர்ட்டையும் சேர்த்து அவனே அடித்துக்கொண்டிருந்தான்.

"அவன் போனை எப்பவும் பிளாஸ்டிக் கவர்லதான் வெச்சிருப்பான்" என்றாள் அக்கா. "நனையாது."

பன்னிரண்டரைக்குப் போன்கள் எல்லாம் ஒன்றாக அடித்தன. எடுத்தால் ஃபீல்டு ஆட்கள். டீசலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "அக்கா, தம்பி கீழ வந்துட்டானா?" என்றுதான் அத்தனை பேரும் கேட்டார்கள். "வந்தா சொல்லமாட்டேனா? வெய்யுங்கடா" என்று எரிந்து விழுந்தாள். ஒன்றரைக்கும் அதே கதை. இரண்டரைக்கும் அதே கதை. அவர்களைத் திட்டி முடித்துத் திரும்பினால் திரையில் மலை டவர் மஞ்சளாக, வாய் மூடிக் கிடந்தது.

மூன்று மணிக்கும் ஒன்றும் ஒட்டாதபோது மேலாளரே மீட்புக் குழுவைக் கூப்பிட்டார். குழுத் தலைவர் அக்காவிடம் பேசினார். குரலில் தூக்கமில்லாத கரகரப்பு இருந்தது.

"அம்மா, எங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு டீம். மண்ணள்ளற வண்டியும் ஒண்ணுதான். மலையிலேருந்து இறங்க ரெண்டு வழி. ஒண்ணு பழைய ரோடு, இன்னொண்ணு ஓடையை ஒட்டிப் போற ஒத்தையடிப் பாதை. ரெண்டுலயும் மண்ணு சரிஞ்சிருக்கு. ரெண்டும் எதிரெதிர்ப் பக்கம். ஒரு பக்கம் போயிட்டா, திரும்பி இந்தப் பக்கம் வர ஒரு நாள் ஆயிடும். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க, இப்பவே கெளம்பறோம்."

"ஒரு தடவை அவன் போன் டவர்ல ஒட்டினாப் போதும் சார். டவருக்குத் திசைக்கு ஒண்ணா மூணு முகம். எந்த முகத்துல ஒட்டுது, எவ்வளவு தூரம்னு உடனே சொல்லிடுவேன்."

"எப்ப ஒட்டும்?"

"மணிக்கு ஒரு தடவை போடறேன்னு சொல்லியிருக்கான். போடுவான்."

அவர் போனை வைத்தார். நான்கு மணி வந்தது, போயிற்று. ஐந்து மணியும் அப்படியே.

சந்தேகம் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "நடுவுல இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாமாக்கா?"

"போட்டா பேட்டரி பாதியாயிடும். ஒவ்வொரு தடவை எழுப்பவும் அது எவ்வளவு தின்னுதுன்னு உனக்குத் தெரியாதா? காலையில வரைக்கும் நிக்கணும்."

"இல்ல, ஒருவேளை..."

"அவன் மணிக்கு ஒரு தடவைன்னு சொன்னான். சொன்னா சொன்னபடி செய்வான். அவனுக்கும் இந்த வேலை தெரியும், எனக்கும் தெரியும். நீ ரிப்போர்ட்டைப் பாரு."

சந்தேகம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன், அன்றைக்கு அக்காவை நம்பினான்.

ஆறு மணிக்கு மட்டும் அவள் கணக்கை மீறினாள். பத்து நிமிடம் கழித்து அணைக்க வேண்டியதை அணைக்கவில்லை. மேலாளர் தன் கண்ணாடி அறையில் யாரிடமோ தலையாட்டிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மௌஸில் கை வைத்தபடியே ஓடவிட்டாள். பேட்டரியின் எண் கண்ணெதிரே இறங்கியது. வீட்டில் அம்மா வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தாள். வாடா, வாடா என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். அப்போது அரைச் சந்தை தொடங்கி, போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. சத்தத்துக்கு மேலாளர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அக்கா அவசரமாக ரேடியோவை அணைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அக்கா, தம்பி?" என்றது போன்.

"இன்னும் இல்லடா" என்றாள். இந்தத் தடவை திட்டவில்லை.

இருட்டுகிற நேரத்தில் மீட்புக் குழுத் தலைவர் மறுபடியும் கூப்பிட்டார். இனி காத்திருக்க முடியாது, பழைய ரோட்டுப் பக்கமே போகிறோம், முக்கால்வாசிப் பேர் அந்த வழியாகத்தான் இறங்குவார்கள் என்றார். அக்கா சரி என்றாள். வேறு என்ன சொல்வது? அவளுக்கும் தெரியாதே. அன்று ராத்திரி அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு மணிக்கும் டவரை எழுப்பினாள், பார்த்தாள், அணைத்தாள். நாற்காலியிலேயே இருந்தாள்.

விடிந்ததும் மேலாளர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

"அக்கா, பேட்டரி அடிமட்டத்துக்கு வந்துடுச்சு. ரேடியோவை இனிமே போடாதீங்க. பின்னாடி நாலு கிராமம் இருக்கு. அங்கயும் மழைதான், அங்கயும் ஆளுங்கதான்."

"ஒரு ஆள் மலையில இருக்கான் சார்."

"தெரியும். நான்தானே அனுப்பினேன்." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன் போயிருக்கும்க்கா. இருந்தா இத்தனை நேரத்துக்கு ஒரு தடவையாவது வந்திருக்காதா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அக்காவால் அதைக் கேட்க முடியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் போனதும் எட்டு மணிக்கு டவரை எழுப்பினாள். ஒன்பதுக்கு எழுப்பினாள். பத்துக்கும் எழுப்பினாள். மேலாளர் தன் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தார், வந்து தடுக்கவில்லை. பகல் ஒரு மணிக்கு எழுப்பியபோது ரேடியோ பாதி முழித்து அப்படியே நின்றுவிட்டது. மஞ்சள் புள்ளி சிவப்பானது. பின்னால் இருந்த நாலு புள்ளிகளும் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின. தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மேலாளர் நின்றுகொண்டே, "ஆமாம் சார், என் தப்புதான் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தது அறைக்கே கேட்டது. இனி அணைக்கவும் ஒன்றுமில்லை, போடவும் ஒன்றுமில்லை. அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பழைய ரோட்டில் எங்கும் அவன் இல்லை. மீட்புக் குழு அதற்கடுத்த நாள் மலையைச் சுற்றிக்கொண்டு ஓடைப் பக்கம் போனது. அங்கே போன கொஞ்ச நேரத்திலேயே கிடைத்துவிட்டான். விழுந்த மரத்துக்கு அடியில் கால் மாட்டியிருந்தது. மரத்தை அறுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அவன் உயிர் போய் அதிக நேரம் ஆகவில்லை, நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் இருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

குழுத் தலைவர் வராந்தாவில் அக்காவிடம் ஒரு பையைக் கொடுத்தார். அவர் உடம்பெல்லாம் சேறு, கண்ணெல்லாம் சிவப்பு.

"போன் கையிலதாம்மா இருந்துச்சு. கவரைப் பிரிச்சு வெச்சிருந்தாரு. ஆனா அணைஞ்சு கெடந்துச்சு. எங்க பையன் போட்டுப் பாத்தான், நல்லாத்தான் இருக்கு, இன்னும் கால்வாசி சார்ஜ் இருக்கு." அவர் தயங்கினார். "போடணும்னு கையில எடுத்திருப்பாரு. அதுக்குள்ள மயக்கம் வந்திருக்கும்."

அக்கா அதையே பிடித்துக்கொண்டாள். விழுந்த உடனே மயங்கியிருப்பான், ஒன்றும் தெரிந்திருக்காது, வலிகூட அதிகம் இருந்திருக்காது. வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். சந்தேகம் வந்து மாடிப்படியிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். மேலாளர் வந்தார், நின்றார், போனார். ஃபீல்டு ஆட்கள் ஹெல்மெட்டும் கையுமாகக் கூட்டமாக வந்து, உட்கார இடமில்லாமல் தெருவில் நின்றார்கள். ஒரு தடவைகூடப் போனைப் போட முடியாமல் போயிருக்கிறதே பாவி என்று அக்கா ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சொல்லச் சொல்லக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டோம், ஒரு மணிகூடத் தவறவிடவில்லை என்ற நினைப்பு ஒன்றுதான் அவளைச் சாப்பிடவும் படுக்கவும் வைத்தது.

கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு சாயங்காலம் வீட்டில் அக்காவும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, கை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடுகிற அடுக்களை. கூடத்தில் தம்பியின் கட்டில் மடித்த போர்வையோடு அப்படியே கிடந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் அவனுடைய பழைய ஹெல்மெட். அம்மா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை முதல் தடவையாகப் பிரித்தாள். ஒரு டார்ச், இரண்டு ஸ்பேனர், போன், கடிகாரம். ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையால் துடைத்து வரிசையாக வைத்தாள். கடிகாரத்தைக் கையில் எடுத்திருக்கும்போது அது கீச்கீச்சென்று கத்தியது.

"இது எதுக்குடி விடாம கத்துது? ஆஸ்பத்திரிலயும் கத்துச்சு, வர்ற வழியெல்லாம் கத்துச்சு, பைக்குள்ள இருந்து ராத்திரியெல்லாம் கத்துச்சு."

"மணிக்கு ஒரு தடவை அடிக்கும்மா" என்றாள் அக்கா. துணி மடித்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. "போன்ல என்கிட்ட பேசினப்ப வெச்சான். அணைக்க ஆளில்லாம அடிச்சுக்கிட்டே இருக்கு."

"மணிக்குன்னா மணி அடிக்கறப்பல்ல கத்தணும்? இது ஆறரைக்குக் கத்துது."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறரை.

"உன்னைக் கூப்பிடத்தான் வெச்சிருப்பான்" என்றாள் அம்மா, கடிகாரத்தின் பட்டையில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டியபடி. "அரை ஆகாம உன்னைக் கூப்பிடவே மாட்டானே. அன்னிக்கு எனக்கு நெஞ்சைப் புடிச்சுக்கிச்சுல்ல? அக்காவைக் கூப்பிடுடான்னு நான் கத்தறேன். இவன் என்னடான்னா, இரும்மா, இன்னும் கொஞ்ச நேரத்துல அரை ஆயிடும், இப்பக் கூப்பிட்டா அக்கா திட்டும்னு சொல்லிட்டுப் போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அவ்ளோ பயம் உன்கிட்ட." சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். செத்துப்போன மகனைப் பற்றி அவள் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அக்காவின் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. ஒன்பதரைச் சந்தையில் கேட்ட கீச் சத்தம் காதுக்குள் கேட்டது. பத்தரைக்கு அவன் போனைப் போட்டிருக்கிறான். டவர் இல்லை. அணைத்திருக்கிறான். பதினொன்றரைக்குப் போட்டிருக்கிறான். கால் மாட்டிய பிறகும், மழையில், ராத்திரியில், மறுநாள் பகலில், இது கத்தும்போதெல்லாம் கவரைப் பிரித்துப் போட்டிருக்கிறான், பார்த்திருக்கிறான், அக்கா போடுவாள் என்று சார்ஜை மிச்சம் பிடித்து அணைத்து வைத்திருக்கிறான். அந்த நேரமெல்லாம் அவள் இங்கே போனில் அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். ஆறரைக்குப் போன்கள் அடித்ததும் அவசரமாக அணைத்தாளே, அந்த ஒரு தடவை, அந்த ஒரே ஒரு தடவை கையை மௌஸிலிருந்து எடுத்திருந்தால் போதும். அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஏண்டி, அவன் கூப்பிட்டிருப்பானா? விழுந்ததும் மயங்கிட்டான்னு எல்லாரும் சொல்றாங்களே?"

அக்கா குனிந்து சட்டையை எடுத்தாள். அது அவனுடைய சட்டை. "ஆமாம்மா. விழுந்ததும் மயங்கிட்டான்."

"அதுவரைக்கும் நல்லது" என்றாள் அம்மா. "புள்ள கூப்பிட்டு நமக்குக் கேக்காம இருந்திருந்தா, அதை எப்படித் தாங்கறது?" பிறகு கடிகாரத்தை நீட்டினாள். "இந்தா, இதை நிறுத்திடு. எனக்குக் கேக்க முடியல. அணைக்கறதெல்லாம் உனக்குத்தான் தெரியும்."

அக்கா அதை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பக்கத்தில் இருக்கிற பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போதும், நின்றுவிடும். அவள் அழுத்தவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஏழு மணி ஆயிற்று. அடுக்களையில் அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. ஏழரைக்குக் கடிகாரம் கத்தியது.

அக்கா அதைக் காதோடு வைத்துக்கொண்டாள்.

"சொல்லுடா" என்றாள்.

அது கொஞ்ச நேரம் கத்திவிட்டுத் தானாகவே நின்றது. அவள் கையை இறக்கவில்லை.